மரத்துக்கு இவ்வளவா? தென்னை ஏறுகிறவரின் கூலிக் கணக்கு

வீட்டுக் கொல்லையில் இரண்டு மூன்று தென்னை வைத்திருக்கிறவர்கள் கூடினால் பேச்சு எப்படியும் இதில் வந்து நிற்கும். ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் சொன்ன நாளில் வருவதில்லை, வந்தால் மரத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகையைச் சொல்லி அசையாமல் நிற்கிறார், ஏறி இறங்க பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, அதற்கு இவ்வளவா? இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் எடுத்துக்கொள்கிறேன். கேட்பதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் பதில் சொல்ல முதலில் நாம் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அந்தப் பத்து நிமிஷத்துக்கு அல்ல.

வேலையிலிருந்தே ஆரம்பிப்போம். கீழே நின்று பார்க்கிறவருக்குத் தெரிவது ஏறுவதும் வெட்டுவதும் மட்டும்தான். நெட்டை ரகத் தென்னை 20 மீட்டருக்கு மேலும் வளரும். பேச்சுக்கு சராசரி 15 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம், தோப்பில் ஒரு நாளைக்கு 40 மரம் என்றால் 600 மீட்டர் ஏற்றம், அதே அளவு இறக்கம். ஒரு மாடிக்கு மூன்று மீட்டர் என்று போட்டால் 200 மாடி, படிக்கட்டு இல்லாமல், காலில் ஒரு தளைக்கயிறும் இடுப்பில் அருவாளுமாக. இது உடம்பு வேலை. திறமை வேலை மேலே போன பிறகுதான் தொடங்குகிறது.

தென்னை மாதத்துக்கு ஒரு பாளை விடும் என்பது பொதுக்கணக்கு, அதனால் மரத்தின் உச்சியான கொண்டையில் ஒரே நேரத்தில் பாளையிலிருந்து நெற்று வரை எல்லா வயதிலும் குலைகள் இருக்கும். பூத்து ஏழு மாதமானால் இளநீர், 11-12 மாதமானால் முற்றிய காய். அடுத்தடுத்த இரண்டு குலைகளுக்குள் எது தயார், எது இன்னும் ஒரு மாதம் நிற்க வேண்டும் என்பதை மேலே தொங்கிக்கொண்டே தீர்மானிக்க வேண்டும். தப்பாக வெட்டிய இளசு கொப்பரைக்கு ஆகாது. இளநீர் என்றால் குலையைக் கயிறு கட்டி இறக்க வேண்டும், அப்படியே போட்டால் உடைந்துவிடும். அப்புறம் காய்ந்த மட்டையும் காய்ந்த பாளையும் பன்னாடையும் எடுத்துச் சுத்தம் செய்வது. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பச்சை மட்டையைக் கூடுதலாகக் கழித்தால் மரத்துக்குச் சாப்பாடு குறையும், அடுத்து வரும் காய்ப்பு அடிவாங்கும். மட்டையின் மேல் உட்கார்ந்து கனம் தாங்கும் குலையும் இருக்கிறது, அந்த மட்டையைக் கழித்தால் காம்பு ஒடிந்து குலையே போய்விடும்.

இதைவிடப் பெரியது கண்பார்வை. காண்டாமிருக வண்டு குருத்தைத் துளைத்தால் ஓலை விரியும்போது விசிறி மாதிரி கத்தரித்த தடம் தெரியும். சிவப்புக் கூன்வண்டு உள்ளே புகுந்தால் துவாரமும் வழிந்த சாறும் மென்று துப்பிய நாரும் இருக்கும், கீழிருந்து கண்டுபிடிக்கிற நேரத்தில் பெரும்பாலும் மரம் கைவிட்டுப் போயிருக்கும். குருத்தழுகல் மழைக்காலத்தில் வரும். நடுக்குருத்து வெளுத்து, இழுத்தால் கையோடு வரும். 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் தெரிந்த சுருள் வெள்ளை ஈ அதற்குப் பிறகு பல மாவட்டத்துக்குப் பரவிவிட்டது. 45 நாளுக்கோ 60 நாளுக்கோ ஒருமுறை கொண்டைக்குப் போய் வரும் ஒரே ஆள் மரம் ஏறுகிறவர்தான். தோட்டக்கலை அலுவலர் மேலே ஏறப்போவதில்லை, நாமும் ஏறப்போவதில்லை. "அந்த மூணாவது மரத்துல வண்டு விழுந்திருக்கு, பாருங்க" என்று அவர் சொல்லும் ஒரு வாக்கியம் ஒரு மரத்தைக் காப்பாற்றும். ஆனால் அந்த வாக்கியத்துக்கு நம் ஊரில் விலை கிடையாது. மரத்துக்கு இவ்வளவு என்பது பறிப்புக்கான விலை, பார்த்துச் சொல்வதற்கு அல்ல. சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அதே காசு என்றால், அடுத்த மரத்துக்கு ஓடுகிறவர்தானே புத்திசாலி?

இப்போது கணக்குக்கு வருவோம். கீழே வரும் எண்கள் கணக்குப் புரிவதற்காக நானே எடுத்துக்கொண்டவை, உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். தோப்பில் மரத்துக்கு 40 ரூபாய், நாளுக்கு 40 மரம், ஆக 1,600 ரூபாய். இதைக் கேட்டதும் "மாசம் 48,000 சம்பாதிக்கிறான்" என்று 30-ஆல் பெருக்கிவிடுகிறார்கள், எல்லாத் தகராறும் இந்தப் பெருக்கலில்தான் ஆரம்பிக்கிறது. மழை பெய்து மரம் வழுக்கினால் ஏற முடியாது, வடகிழக்குப் பருவமழை மாதங்களில் பாதி நாள் வீட்டில்தான். தொடர்ந்து நாலு நாள் ஏறினால் ஐந்தாம் நாள் நெஞ்சும் தொடையும் கேட்காது. எல்லாத் தோப்பும் ஒரே நேரத்தில் வெட்டுக்கு வராது. மாதத்துக்கு 15 நாள், வருஷத்துக்கு ஒன்பது மாதம் என்று வைத்தால் 2,16,000 ரூபாய், மாதச் சராசரி 18,000. வண்டிக்குப் பெட்ரோல், அருவாள், கயிறு, கீழே காய் பொறுக்க வருகிறவருக்குக் கொடுப்பது எல்லாம் போக 16,000 என்று வையுங்கள், அதுகூடத் தாராளமான கணக்குதான்.

இன்னொரு கழித்தல் பாக்கி இருக்கிறது, அதை யாரும் போடுவதில்லை. இது 60 வயது வரை செய்கிற வேலை இல்லை. 60-ல் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களைப் பார்த்து ஆச்சரியப்படுகிறோம் என்பதிலேயே விஷயம் தெரிகிறதே. 20 வயதில் தொடங்கி 45-ல் மூட்டு ஓய்ந்து இறங்கினால் 25 வருஷ வருமானம் 48 லட்சம். அதை 60 வயது வரையான 40 வருஷத்துக்குப் பிரித்தால் மாதம் 10,000. நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26-க்கு ஒன்றிய அரசு வைத்த நாட்கூலி 336 ரூபாய், எந்தப் பயிற்சியும் கேட்காத மண்வேலைக்கு. அந்தக் கூலியில் மாதம் 26 நாள் வேலை கிடைப்பதாக நினைத்துப் பார்த்தால் 8,736. ஆக உயிரைப் பணயம் வைத்து ஏறி, பூச்சியும் பக்குவமும் தெரிந்த ஒருவர், எதுவும் தெரியாதவரைவிட ஆயிரத்துச் சொச்சம்தான் கூடுதலாக வாங்குகிறார். 1,600 ரூபாய் பெரிதாகத் தெரிவது அதை ஒரு நாளாகப் பார்ப்பதால்தான்.

உயிர்ப்பணயம் என்று சும்மா சொல்லவில்லை. விழுந்தால் என்ன நடக்கும் என்பதுதான் இந்தத் தொழிலின் கூலிப் பிரச்சினையில் பாதி. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில், யாரெல்லாம் தொழிலாளி என்ற பட்டியலில், பனை வகை மரங்களில் கள், பதநீர் இறக்குவோரும் மரம் வெட்டுவோரும் இருந்தார்கள். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்துக்கே இது ஆபத்தான வேலை என்று தெரிந்திருந்தது. அந்தச் சட்டத்தின் கணக்குப்படி, வேலையில் இறந்தவரின் மாதக் கூலியில் பாதியை வயதுக்கான ஓர் எண்ணால் பெருக்க வேண்டியிருந்தது. 40 வயதுக்கு அந்த எண் 184.17. 2020 முதல் அந்தச் சட்டத்தில் கணக்கில் எடுத்த கூலியின் உச்சவரம்பு மாதம் 15,000 ரூபாய் என்பதால், 40 வயதுக்காரரின் குடும்பத்துக்குச் சுமார் 13.8 லட்சம் வர வேண்டியிருந்தது. நல்ல சட்டம்தான். ஆனால் அதைக் கொடுக்க ஒரு முதலாளி வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூப்பிட்டு மூன்று மரம் ஏறச் சொன்ன வீட்டுக்காரர் முதலாளியா? தோப்பைக் குத்தகைக்கு எடுத்த வியாபாரியா? ஆளை அனுப்பிய மேஸ்திரியா? காய் பறிப்பது என்பது "இறக்குவது"தானா? ஆஸ்பத்திரி வாசலில் இந்தக் கேள்விகள் எழும்போது எல்லாரும் ஒரு அடி பின்னால் நகர்ந்துகொள்வார்கள்.

2025 நவம்பர் 21-ஆம் தேதி நான்கு புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. அதில் ஊதியத் தொகுப்பு, குறைந்தபட்சக் கூலி பட்டியலிட்ட சில வேலைகளுக்கு மட்டும் என்ற பழைய முறையை விட்டுவிட்டு எல்லா ஊழியருக்கும் என்று சொல்கிறது, கூலி நிர்ணயிக்கும்போது திறனற்ற, ஓரளவு திறன், திறன், உயர்திறன் என்று நான்கு படிகளைப் பார்க்கச் சொல்கிறது, வேலையின் கடினத்தையும் ஆபத்தையும்கூடக் கணக்கில் எடுக்கலாம் என்கிறது. நாளுக்கு இவ்வளவு என்றில்லாமல் செய்த வேலையின் அளவுக்குக் கொடுக்கும் துண்டுக் கூலிக்கும் விதி இருக்கிறது. தென்னை ஏறுகிறவருக்கென்றே எழுதியது போல இருக்கும் படித்தால். ஆனால் மறுபடி அதே முட்டுச்சந்துதான், ஊழியருக்குத்தான் கூலி, சுயதொழில் செய்கிறவர் சொல்வது விலை. காலையில் மூன்று வீடு மதியம் ஒரு தோப்பு என்று போகிற மனிதர் யாருடைய ஊழியர்?

வெளிநாட்டில் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பார்த்தால் ஒரு வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அமெரிக்காவில் மரப் பராமரிப்பு நிறுவனங்கள் விபத்துக் காப்பீட்டுக்குக் கட்டும் தொகை, கொடுக்கும் சம்பளத்தில் ஒவ்வொரு 100 டாலருக்கும் இவ்வளவு என்று வேலையின் ஆபத்தைப் பொறுத்து மாறும். மரம் ஏறுகிறவருக்குக் கட்டுவது அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக் கட்டுவதைவிடப் பல மடங்கு. பிரிட்டனில் ஒருவர் தனியாக மரத்தில் ஏறி வேலை செய்யக் கூடாது, மேலே மாட்டிக்கொண்டால் ஏறி இறக்கத் தெரிந்த இன்னொருவர் கீழே இருக்க வேண்டும் என்பது பாதுகாப்பு வழிகாட்டல். இரண்டாம் ஆளின் சம்பளமும் காப்பீட்டுச் செலவும் வாடிக்கையாளரின் பில்லில் வந்துவிடுகிறது. அங்கேயும் ரொக்கக் கூலிக்கு ஓடும் ஆட்கள், காப்பீடே இல்லாத கும்பல்கள் எல்லாம் உண்டு, சொர்க்கம் என்று சொல்லவில்லை. ஆனால் சரியாகத் தொழில் செய்கிறவரிடம் ஆபத்துக்கு ஒரு விலை இருக்கிறது, அதை யார் கட்டுவது என்பதும் எழுதியிருக்கிறது. நம் ஊரில் அந்த விலை மரமேறியின் மனைவியின் தலையில் விழுகிறது.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு முயற்சி நடந்திருக்கிறது. கேரளாவில் ஆள் தட்டுப்பாடு நமக்கு முன்னாலேயே முற்றிவிட்டது. கொச்சியில் தலைமையகம் உள்ள தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ல் 'தென்னை மரங்களின் நண்பர்கள்' என்ற பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. ஆறு நாள் பயிற்சி, முடித்தவருக்கு ஏறும் கருவி. கண்ணூர் மாவட்டத்துச் செம்பேரியைச் சேர்ந்த ஒரு விவசாயி கண்டுபிடித்த, ஊர்ப் பெயரிலேயே வழங்கும் அந்தக் கருவி வந்த பிறகு, நெஞ்சைத் தேய்த்து ஏற வேண்டியதில்லை, நின்றபடியே காலை மாற்றி மாற்றி வைத்து ஏறலாம். பெண்கள் நிறையப் பேர் பயிற்சி எடுத்தார்கள், தலைமுறை தலைமுறையாக மரம் ஏறாத வீட்டுப் பிள்ளைகளும் வந்தார்கள். பின்னால் 'ஹலோ நாரியல்' என்று ஆள் தேடித்தரும் அழைப்பு மையமும் ஆரம்பித்தார்கள். காப்பீடும் உண்டு. 'கேர சுரக்ஷா' என்ற திட்டம், பிரீமியத்தில் முக்கால் பங்கை வாரியமும் கால் பங்கைத் தொழிலாளியும் கட்டுகிற ஏற்பாடாக வளர்ந்தது. வருஷ பிரீமியம் 375 ரூபாயாக இருந்தபோது தொழிலாளியின் பங்கு 94 ரூபாய், விபத்து மரணத்துக்கு 5 லட்சம். நமது மரமேறிகளும் சேரலாம், அது மத்திய அரசு வாரியம். சேர்ந்தவர் எத்தனை பேர் என்று உங்கள் ஊரில் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள், பேரையே கேள்விப்பட்டிருக்க மாட்டார்.

ஆனால் இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. ஆறு நாளில் ஏறக் கற்றுக்கொள்ளலாம். கொண்டையைப் படிக்க ஆறு நாள் போதாது. கருவி வந்ததும் "இனி யார் வேண்டுமானாலும் ஏறலாம்" என்று ஆனால், திறமைக்கான கூலி கேட்கும் குரல் கொஞ்சம் இறங்கிவிடும். பழைய ஆட்கள் கருவியை எடுத்துக்கொள்ள மறுப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன், ஒவ்வொரு மரத்துக்கும் மாட்டிக் கழற்றும் நேரம் வீண் என்பது அவர்கள் வாயால் சொல்லும் காரணம்.

கூலி ஏன் இத்தனை காலம் அடிமட்டத்தில் கிடந்தது என்பதற்குச் சாதியைச் சொல்லாமல் போக முடியாது. தென்னையோ பனையோ, ஏறுவது குறிப்பிட்ட சில சாதிகளின் பிறவிக் கடமை என்று வைத்திருந்த சமூகம் இது. பிறந்ததாலேயே தெரிந்துவிடும் என்று நினைக்கும் வேலைக்கு யாரும் திறமைக் கூலி கொடுப்பதில்லை. பனையில் நிலைமை இன்னும் மோசம். பதநீர் இறக்குகிறவர் ஒரே மரத்தில் காலையும் மாலையும் ஏற வேண்டும், பாளையை இடுக்கியால் நசுக்கிப் பதமாக்கி, நாள் தவறாமல் மெல்லிசாகச் சீவி, கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவி வைத்து, இறக்கி, பிறகு வீட்டுப் பெண்கள் அடுப்படியில் நின்று கருப்பட்டியாகக் காய்ச்ச வேண்டும். பல இடங்களில் கூலி என்றே கிடையாது, ஒரு நாள் பதநீர் மரக்காரருக்கு, மறுநாள் ஏறுகிறவருக்கு என்பது போன்ற பங்குதான், அதிலும் சீசனுக்கு முன் வாங்கிய முன்பணத்துக்காகக் கருப்பட்டியை வியாபாரி சொன்ன விலைக்குப் போட வேண்டியிருந்தது. இந்தச் சமூகங்களில் முன்னேறியவர்கள் பெரும்பாலும் மரத்தை விட்டு இறங்கிக் கடை வைத்தவர்களும் படித்தவர்களும்தான். மரத்திலேயே நின்று முன்னேறியவர் என்று ஒருவரைக் காட்டுங்கள் பார்ப்போம். பிள்ளைகள் ஏன் வரவில்லை என்று அங்கலாய்க்கிறவர்கள் இதற்குப் பதில் சொல்லிவிட்டு அங்கலாய்க்கலாம்.

ஆக இன்று கூலி ஏறியிருப்பது சட்டத்தாலும் இல்லை, நம் மனசு இளகியதாலும் இல்லை. ஆள் குறைந்ததால். அவ்வளவுதான்.

சரி, தோப்புக்காரர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு, அதை ஒதுக்கிவிட்டுப் பேசினால் கணக்கு அரைகுறையாகிவிடும். ஒரு மரம் ஒரு வெட்டுக்கு 12 காய் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். காய் விலை தோப்பில் 10 ரூபாயைச் சுற்றிக் கிடந்த வருஷங்கள் உண்டு, அப்போது மரத்துக்கு வருவது 120, அதில் 40 பறிப்புக்கே போனால் மூன்றில் ஒரு பங்கு. அப்புறம் உரிப்புக் கூலி, வண்டி வாடகை, உரம். பறிக்காமல் நெற்று தானாக விழட்டும் என்று விட்டவர்கள் இருந்தார்கள், அவர்களைக் கஞ்சர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதே காய் 25 ரூபாய்க்குப் போனால் மரத்துக்கு 300, பறிப்பு ஏழில் ஒரு பங்குகூட இல்லை. 2025-ல் எண்ணெய்க்கு ஆட்டும் அரைவைக் கொப்பரைக்கு அரசு வைத்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 11,582 ரூபாய், சந்தை விலையோ அதைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. அந்த ஏற்றத்தில் மரம் ஏறுகிறவருக்கு எவ்வளவு போனது? விலை விழும்போது "கட்டுப்படியாகலை" என்று கூலியைப் பிடித்து நிறுத்துகிற நாம், விலை ஏறும்போது அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

வேடிக்கை என்னவென்றால், பழைய வழக்கம் இதைக் கொஞ்சம் சமாளித்தது. ஏறினவருக்குக் காசோடு காயும் கொடுக்கும் பழக்கம் பல ஊர்களில் இருந்தது, இத்தனை மரத்துக்கு இத்தனை காய் என்று. காய் விலை ஏறினால் அவர் கையில் இருப்பதும் ஏறும், விழுந்தால் இரண்டு பேரும் சேர்ந்து விழுவார்கள். அதை அப்படியே திருப்பிக் கொண்டுவரச் சொல்லவில்லை, விழும்போது தாங்க அவருக்கு நிலம் இல்லை. ஆனால் ஒரு அடிப்படைக் கூலி, அதற்கு மேல் காய் விலையோடு ஏறுகிற ஒரு பங்கு என்று தோப்புகளில் பேசி வைத்துக்கொள்ள என்ன தடை?

வீட்டுக்காரர்கள் விஷயம் வேறு. நகரத்தில் ஒரு மரத்துக்கு 150, 200 என்று கேட்கும்போது தோப்பு விலையோடு ஒப்பிட்டுச் சண்டை போடுகிறோம். தோப்பில் அடுத்த மரம் எட்டு மீட்டரில் இருக்கிறது, உங்கள் வீட்டிலிருந்து அடுத்த வாடிக்கையாளர் வீட்டுக்கு எட்டு கிலோமீட்டர். தோப்பில் காய் எங்கே விழுந்தாலும் மண்தான். உங்கள் வீட்டில் ஒரு பக்கம் கரண்ட் கம்பி, ஒரு பக்கம் பக்கத்து வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரை, கீழே கார், மட்டையைக்கூடக் கட்டி இறக்க வேண்டும். ஈரமட்டை கம்பியில் பட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். உண்மையில் இது தோப்பு வேலையைவிட நுட்பமானது, எலக்ட்ரீஷியனுக்கு வந்து பார்ப்பதற்கே ஒரு கட்டணம் கொடுக்கிற நாம் இவருக்கு மட்டும் ஏறினால்தான் காசு என்கிறோம்.

என் பரிந்துரை இதுதான், யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். வீட்டுக்கு வந்ததற்கு ஒரு தொகை, ஏறுகிற மரத்துக்கு உயரத்தைப் பொறுத்து ஒரு தொகை, சுத்தம் செய்வதற்குத் தனி, குருத்தில் மருந்து வைப்பதற்குத் தனி. பிரித்துப் பேசினால் சண்டை குறையும், மேலே போனவர் அவசரப்படாமல் கொண்டையைப் பார்த்துவிட்டு இறங்குவார். தோப்புக்காரர்கள் வழக்கமாக வருகிறவர்களின் காப்பீட்டுப் பங்கைத் தாங்களே கட்டிவிடலாம், ஒரு வெட்டில் உதிரும் குரும்பைக்குக்கூட அந்தக் காசு காணாது. பனையேறிகளுக்கு இங்கே பனைமரத் தொழிலாளர்கள் நல வாரியம் இருக்கிறது, பதிவு செய்துகொள்ள உள்ளூரில் யாராவது உட்கார்ந்து படிவம் நிரப்பிக் கொடுக்க வேண்டும், படித்த பிள்ளைகள் உள்ள எந்த வீடும் இதைச் செய்யலாம். முதலாளி யார் என்ற கேள்விக்கு மட்டும் தனி ஆட்களால் பதில் தர முடியாது. காய் வியாபாரத்தின் மேல் தீர்வை என்று ஒரு சிறு வரி போட்டு அதிலிருந்து விபத்து இழப்பீடு கொடுக்கும் வழியை அரசுதான் உண்டாக்க வேண்டும். கட்டட வேலைக்கு அப்படி ஒரு தீர்வை 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் ஏற்கெனவே வந்துவிட்டது, கட்டுமானச் செலவில் ஒரு சதவீதம். சித்தாளுக்கும் கொத்தனாருக்கும் ஒரே முதலாளி நிரந்தரமாக இல்லை என்பதால்தான் அந்த வழி வந்தது, தென்னையிலும் அதே நிலைமைதான்.